ஏழாம் நம்பர் ஜெர்சி

பெஹாலா,
வியாழக்கிழமை

அன்புள்ள அஷ்வத்துக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல மது எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாகிறது, இன்னும் இரண்டு வாரம் எழுதவோ படிக்கவோ கூடாது என்கிறார் டாக்டர், அதனால்தான் இவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள், எழுத்தாவது மறக்காமல் இருக்கட்டும். போனில் பேசலாம் என்றால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அப்பா ஹால்டியா துறைமுகத்திலிருந்து சனிக்கிழமைதான் வருவார். உங்களுக்குச் சித்தி மாதிரி இருக்கிற எதிர்வீட்டுக் காகிமாவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. போன வாரம் கரியாஹாட் கடைத்தெருவில் வெளியூர்க்காரர்களெல்லாம் ஓடுங்கள் என்று ஒரு கும்பல் கத்திக்கொண்டு போய் ஒரு பழக்காரரின் தள்ளுவண்டியைக் கவிழ்த்ததே, அதில் காகிமாவின் மகன் கௌசிக் இருந்தான் என்று எவனோ பெயர், தெரு, வேலை எல்லாவற்றையும் நெட்டில் போட்டுவிட்டானாம். அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சென்டர்காரருக்கே அது தெரியும். ஆனாலும் பெற்றோர்கள் போன் மேல் போன் போடவும், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக் கதவில் யாரோ கறுப்புப் பெயின்ட் ஊற்றியிருக்கிறார்கள். இதைச் செய்த பாவி நன்றாக இருக்க மாட்டான், காகிமா அழுகிற அழுகையை அவனைப் பெற்றவளும் அழட்டும்.

அண்ணா, இதுவரை நேற்று அம்மா சொல்லி நான் எழுதியது. கடைசி வரியையும் சொன்னபடியே எழுதினேன். யாரைச் சபிக்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரியாது. இனி நானாக எழுதுகிறேன், அம்மா தூங்குகிறாள்.

வண்டியைக் கவிழ்த்த அந்த வீடியோவை நீ அனுப்பி, இது நம் தெரு கிளப் ஜெர்சிதானே, ஏழாம் நம்பர் யாருடையது என்று கேட்டாய். கைக்குட்டையால் முகத்தைக் கட்டியிருந்தவன் முதுகில் ஏழு இருந்தது. நீ என்னிடம் ஏதாவது கேட்பதே அபூர்வம், கேட்டுவிட்டாயே என்ற சந்தோஷத்தில் இரண்டு நிமிஷத்தில், வழக்கம்போல அண்ணன் முறைக்குத் ‘தா’ சேர்த்து, கௌசிக்தா என்று பதில் போட்டேன். ஜெர்சி அவருடையதுதான். ஆனால் காளி பூஜைக்கு வீடு ஒழித்தபோது காகிமா அதை நாலு பழைய புடவைகளோடு பாத்திரக்காரியிடம் போட்டு ஸ்டீல் டப்பா வாங்கினாள். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொன்னதே நான்தான். அது ஞாபகம் வந்தபோது நீ எல்லாவற்றையும் நெட்டில் போட்டு முடித்திருந்தாய். பாத்திரக்காரி மூட்டையாக விற்றுவிடுவாள், அப்புறம் எந்த நடைபாதையில் யார் வாங்கினார்களோ, யாருக்குத் தெரியும்.

போன் செய்து சொன்னேன். அழித்துவிட்டாய், சரி. ஆனால் ஆயிரம் பேர் அதற்குள் எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் சுற்றுக்கு விடுகிறார்கள். நூறு பேரைக் காட்டிக்கொடுத்தால் ஒன்று தப்பாகத்தான் போகும் மது, போலீஸ் பிடிக்குமென்று நீ உட்கார்ந்திரு என்றாய். வண்டியைக் கவிழ்த்தவன் மாட்ட வேண்டாம் என்றா சொன்னேன்? நாமும் வெளியூர்க்காரர்கள்தான், அந்த வீடியோவைப் பார்த்த பிறகு கடைக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் தெருப் பெயரை எதற்குப் போட்டாய்? நிஜமாகவே அது கௌசிக்தாவாக இருந்திருந்தாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் காகிமா இருக்கிறாளே. முகத்தை மூடிக்கொண்டு வருகிற கோழைகள் என்று எழுதினாய். நீ போட்ட இடத்தில் உன் பெயர் எங்கே இருக்கிறது, உன் முகத்துக்குப் பதில் ஒரு புலிப் படம்தானே வைத்திருக்கிறாய்?

இன்று காலை இட்லி மாவு கொடுக்கும் சாக்கில் போனேன். அரை மணி நேரம் மாடிப்படியில் நின்றிருப்பேன். காகிமா கதவைத் திறந்ததும், ஜெர்சி யாருடையது என்று சொன்னது நான் என்று சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னாய் மா, என்று மூன்று தரம் கேட்டாள். உள்ளேயிருந்து கௌசிக்தா, விடு மா, அவள் பேசி இப்போதுதான் நான் முதல்முறையாகக் கேட்கிறேன் என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் வெளியே வரவில்லை. நான் உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. ஒருத்தர் பெயரைச் சொன்னதே போதும், இனி யார் பெயரையும் நான் சொல்வதாக இல்லை. உன் பெயரை நீ சொல், சென்டர்காரருக்கும் அந்தப் பெயரிலேயே எழுது. காகிமா மாவுப் பாத்திரத்தைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அம்மா எழுந்ததும் மாவு ஏன் திரும்பி வந்தது என்று கேட்பாள்.

முடிவில் எழுதும்படி அம்மா நேற்று சொன்னது இது: நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இரு கண்ணா. வெளியில் தண்ணீர் குடிக்காதே. காகிமாவுக்கு மறக்காமல் போன் போட்டு ஆறுதலாக நாலு வார்த்தை பேசு, சின்ன வயதில் உன்னைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டவள்.

இப்படிக்கு,
அம்மா வசந்தி

எழுதியவள்,
மதுவந்தி