மஞ்சள் தெளித்த தப்பாய்

காஜா பெராங், மலாக்கா
22-8-1957

சிரம்பானில் இருக்கும் என் அன்பு அண்ணன் அவர்களுக்கு, தங்கை மல்லிகா வணங்கி எழுதுவது. நான் சுகம். அண்ணியும் மணப்பெண் ஜெயாவும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். சுதந்திரம் வருகிறதென்று இங்கே தெருவெல்லாம் மெர்டேக்கா தோரணம் கட்டுகிறார்கள்.

ஜெயா கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்தபின் பந்திக்கு வந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் இறந்த இரண்டு வருடமாக ஊரே சொல்வதுதான். நீங்களும் சொன்னதும் அழுதுவிட்டேன்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். பக்கத்துக் குடியிருப்பு கம்போங் செட்டியில் ருக்மணி அக்கா மகனுக்கு நேற்றுக் கல்யாணம். விருந்துக்குத் தப்பாய்ப் பலகாரம் போட என்னைக் கூப்பிட்டார். அவித்த புளுட் ஒட்டரிசியில் புளிப்புக் கட்டியைப் பொடித்துத் தூவி மூடிவைத்தால், இரண்டு நாளில் நீர்விட்டு இனிக்கும். லேசாகக் கள் வாசம் வரும். கைம்பெண் கை வேண்டாம் அக்கா என்றேன். பேசாமல் வேலையைப் பார் என்று அதட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தால் சோறு விறைத்துக் கிடக்கிறது! கல்யாணத்துக்கு மூன்றே நாள். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா பதறவில்லை. சூடாக இருக்கும்போதே தூவினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மிச்சக் கட்டியில் கொஞ்சத்தைச் சீனித் தண்ணீரில் போட்டுவைத்தார். காலையில் நுரைத்து நின்றது. கட்டியிலும் குறையில்லை. பிறகு பானையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். மேலெல்லாம் மஞ்சள்.

உண்மையைச் சொன்னேன் அண்ணா. என் தோஷம் ஒட்டக்கூடாதென்று யாருக்கும் தெரியாமல் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தேன், தாராளமாக. அட அலாமாக், புண் அழுகாமல் இருக்கத்தானே மஞ்சள் வைக்கிறோம், அது இதை மட்டும் புளிக்க விடுமா என்று அக்கா வயிறு வலிக்கச் சிரித்தார். மேல்சோற்றை வழித்து எறிந்துவிட்டு, புதுப் பொடியையும் என்னையே தூவச் சொன்னார். பானையைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தோம்.

மறுநாள் பானையைத் தொட்டால் வெதுவெதுப்பு. காதை வைத்தேன். உள்ளே பொறுபொறுவென்று சத்தம்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத உயிர்கள் அண்ணா, எத்தனை கோடியோ! தூவியவள் சுமங்கலியா என்று அவை கேட்கவில்லை. கொஞ்சம் சூடு கிடைத்ததும் எழுந்துவிட்டன. அடுப்படியிலேயே கைகூப்பி நின்றேன். நேற்று மணமக்கள் இருவரும் அதைத்தான் முதலில் வாயில் வைத்தார்கள்.

நான் முகூர்த்தத்துக்கு முன்பே வருகிறேன். வாசலில் நிறுத்திவிடாதீர்கள். ஜெயா பிறந்தபோது முதலில் ஏந்தியது என் கைதான். அவள் நூறாண்டு வாழட்டும்.

என்றும் உங்கள் தங்கை,
மல்லிகா