சாம்பல் சாந்து

குரங்கணி
8-6-1981

அன்புத் தம்பி காசிமாயனுக்கு,

அக்கா பொன்னுமணி எழுதுவது. எல்லோரும் சுகம். மூணு மாசமா ஒரு கடுதாசி இல்லை, அக்காவை மறந்துட்டியா? ஏலக்காயை அடுப்புச் சூட்டுல காயவைக்க ஸ்டோர் கட்டணும். சிமெண்டு பெர்மிட்டுக்கு அலைஞ்சு உன் மச்சானுக்குச் செருப்பே தேஞ்சுபோச்சு. புரட்டாசியில் காய் எடுப்பு. அதுக்குள்ள ஸ்டோர் இல்லேன்னா பச்சைக்காய் பூராவும் அழுகிரும். போன தடவை வந்தப்ப சிமெண்டுக்குப் பதிலா நீ சொன்ன சாம்பல் சாந்து நெசமாவே நிக்குமா?

அக்கா

தூத்துக்குடி
19-6-1981

அன்பு அக்காவுக்கு,

நிற்கும். இங்கே மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரிச் சாம்பல் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. ஒரு லோடு அனுப்புகிறேன். ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு சாம்பல், மூன்று பங்கு மணல். ஒன்று மட்டும், அக்கா. சிமெண்டு மாதிரி இது வெரசா இறுகாது. கட்டி முடித்து ஒரு மாசம் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவரை உள்ளே அடுப்புப் பற்றவைக்கவே கூடாது. மச்சானுக்கு இதை இரண்டு தடவை வாசித்துக் காட்டு.

தம்பி

குரங்கணி
24-8-1981

தம்பிக்கு,

சுவர் எழும்பிப் பதினெட்டு நாளாச்சு. "மாப்ளே கெட்டிக்காரன்தான்"னு உன் மச்சான் பார்க்கிறவங்ககிட்டெல்லாம் சொல்றாரு. காய் முந்திருச்சு, சாக்குல வேர்த்துக் கிடக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நாள் குறிச்சாச்சு. புது ஸ்டோர்ல முதல் தீ வீட்டுப் பொம்பளைதான் வைக்கணும். சுவரைத் தட்டிப் பார்த்தேன், கல்லாட்டம் இருக்கு. ஒண்ணும் ஆகாதுல்ல?

அக்கா

தூத்துக்குடி
31-8-1981

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டதே! ஒரு மாசம் என்று எழுதினேனே, மச்சான் கேட்கவில்லையா? மேலே இறுகியிருந்தாலும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். சூடு பட்டால் உதிர்ந்துவிடும். தந்தி கொடுக்கப் போனேன், உங்கள் மலைப் பக்கம் மழையில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். தீ வைக்கவில்லை என்று ஒரு வரி போடு, அக்கா.

காசி

போடி
20-9-1981

தம்பிக்கு,

தீ வச்ச மறுநாள் சுவர் விழுந்துருச்சு. உன் மச்சானுக்கு வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. காயும் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, "சாம்பலைக் கொடுத்து எங்குடியக் கெடுத்துட்டானே உன் தம்பி"ன்னு உன்னைத்தான் வையிறாரு.

அவருக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசிச்சேன். அந்த ஒரு மாசத்தை விட்டுட்டு வாசிச்சேன், தம்பி. சொன்னா சாம்பலே வேண்டாம்னுருவாரு, இந்த வருசக் காயும் போயிரும்னு பயந்துட்டேன். இப்பச் சொன்னா என்னை வீட்டுல வைக்க மாட்டாரு. மூணு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?

அவரு உன்னை வையும்போது பேசாம நிக்கிறேன். நீ பார்க்க வராதே. கடுதாசியும் போடாதே, ஆஸ்பத்திரியில வேற யாராவது வாசிச்சுக் காட்டிருவாங்க.

பொன்னுமணி