பஸ்ஸுக்குக் காசு கேட்ட பெரியவர்

ஞாயிறு, ராத்திரி

நான் இன்னிக்கு எங்க ரசிகர் மன்றத்தோட ரூலையே ஒடச்சிட்டேன்!!!

ஹீரோ பொறந்தநாளுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல பிச்சை எடுக்குறவங்களுக்குப் பிரியாணி பொட்டலம் குடுத்தோம். "சாப்பாடு மட்டும்தான்டா, காசு குடுத்தா குடிச்சிருவாங்க"ன்னு மன்றத் தலைவர் மணி அண்ணன் சொல்லிட்டாரு. நானும் அதையே ரீல்ஸ்ல பேசிப் போட்டிருந்தேன்.

ஒரு பெரியவர் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து பேசுனாரு. "சாக்கு சாமி, போதும். காலையிலேர்ந்து உங்காளுங்களே அஞ்சு பொட்டலம் குடுத்துட்டாங்க. பாகலூர்ல மவ வீட்டுக்குப் போவணும். பஸ்ஸுக்குக் காசு குடு."

"காசு தரக்கூடாதுங்க பெரியவரே."

"அப்ப பிரியாணிய நீட்டுனா கண்டக்டர் டிக்கெட் கிழிப்பானா?"

யாரும் பாக்காதப்ப காசை அவர் கையில திணிச்சேன். பின்னாடி திரும்புனா மணி அண்ணன் லைவ் போட்டுட்டு நிக்கிறாரு! அப்பவே என்னை வாட்ஸப் குரூப்ல இருந்து தூக்கிட்டாரு. முதல் ஷோ டிக்கெட்டே அந்த குரூப்லதான் கெடைக்கும். சோறே எறங்கல.

இப்பதான் மறுபடி சேத்துவிட்டாரு. நான் காசு குடுத்ததப் பாத்து லைவ்ல ஒரே ஹார்ட்டாம். "நாளைக்கு அதே பெரியவருக்கு இன்னொரு தடவ குடுடா. அவரு மூஞ்சி கேமராவப் பாக்கட்டும்"ங்கறாரு.

பெரியவரு மவ வீட்ல நிம்மதியா தூங்கட்டும். யாராச்சும் மணி அண்ணன்கிட்ட இதச் சொல்லுங்கப்பா, ப்ளீஸ்.