மூலத்தில் இல்லாத வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் கடிதங்களை நீங்கள்தான் வாசித்துக் காட்டுகிறீர்கள். தொண்டை பத்திரம்.

வகுப்பில் பழங்கால யூதர்களின் வழக்கம் ஒன்றைச் செய்து பார்த்தோம். ஒருவர் வேதத்தை எபிரேயத்தில் வாசிப்பார். பக்கத்தில் நிற்பவர் ஏட்டைப் பார்க்காமல், அதை ஜனங்கள் பேசிய அரமேயத்தில் சொல்ல வேண்டும். மகன் வீட்டை விட்டுத் தாய்மாமன் ஊருக்குப் புறப்படும் வரி எனக்கு வந்தது. தமிழில் சொல்லி முடித்தேன்.

"வழியில நல்லா சாப்பிட்டான்னு மூலத்துல எங்க இருக்கு?" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. "சரி விடு, அந்தக் காலத்து ஆளுங்களும் சேத்துத்தான் சொன்னாங்க" என்று அவரே விட்டுவிட்டார்.

இது யாரிடமிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியும். "நல்லா சாப்பிடறேன்னு எழுதியிருந்தியாமே?" என்று போன மாதம் அம்மா போனில் கேட்டாள். நான் அப்படி எழுதவே இல்லை.

அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. அம்மாவின் புடவை ஒன்று அனுப்புங்கள். உடுத்திப் பழசானதே போதும்.

நடுவில் காய்ச்சல் வந்து போனது. சாப்பாடுதான் இன்னும் இறங்கவில்லை. அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தில் மட்டும் தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்