சைக்கிள் கேள்விக்கு உன் அப்பா சொன்ன பதில்

காய் ராங்,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் சுயேனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டெக்லானும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்கு இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து, ஒரு முழங்கை வீங்கி இப்போதுதான் வற்றுகிறது, மற்றபடி அவரும் சுகம்தான், பதறாதே, முழுதும் படி. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கண்ணை உருட்டுகிறார், அதனால்தான் காய்ந்த இறால் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை ஒளித்து வைத்து அனுப்புகிறேன். இறாலை ஈரம் படாமல் வை, உங்கள் ஊரில் வருஷம் முழுக்க மழையாமே.

விஷயம் இதுதான். அப்பா படகு ஓட்டுகிற கம்பெனியைப் புதிய முதலாளிகள் வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் தங்கிப் போகிற பெரிய கப்பலில் கேப்டனாக இருக்க வேண்டுமானால் இங்கிலீஷ் பேசும் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேறாதவர்கள் கரையில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாமாம். உன் அப்பாவைக் கிடங்கில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், கல்யாண வீட்டில் அரை நாள் தரையில் இருந்தாலே தலை சுற்றுகிறது என்பவர். அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் சந்தைக்கு எதிரே வகுப்பு நடத்துகிற குயென் டீச்சரிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண், உன்னைவிட இளையவள், ஆனால் நல்ல பொறுமை. நானும் கூடவே உட்கார்ந்துகொள்வேன், இல்லாவிட்டால் பாதி வழியில் படகுத்துறைப் பக்கம் திரும்பிவிடுவார்.

அந்தப் பெண் சொன்னாள், தேர்வில் முதலில் பெரிய விஷயம் எதுவும் கேட்க மாட்டார்களாம், வீடு, மழை, சைக்கிள் இப்படித்தானாம், இந்தப் பருவத்தில் தேர்வுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் சைக்கிள் கேள்விதான் வருகிறதாம். உனக்கு சைக்கிள் ஓட்டப் பிடிக்குமா, சின்ன வயதில் ஓட்டினாயா, உங்கள் ஊரில் நிறையப் பேர் ஓட்டுகிறார்களா என்று. "ஆமா, இல்லைன்னு ஒத்தை வார்த்தையில நிறுத்தினா மார்க் கிடையாது மாமா. காரணம் சொல்லணும், உதாரணம் சொல்லணும்" என்று ஒரு பதிலை எழுதியும் கொடுத்தாள். தினமும் காலையில் மனைவியோடு ஆற்றங்கரையில் சைக்கிளில் போகிறேன், அது உடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது என்று இருந்தது. உன் அப்பா அதற்கு அர்த்தம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நாம எப்ப போனோம்?" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "உண்மையா பொய்யான்னு யாரும் பாக்க மாட்டாங்க மாமா, இலக்கணம் சரியான்னுதான் பாப்பாங்க" என்றாள். அவ்வளவுதான், இவர் எழுந்துவிட்டார். "ஆத்துல இந்த இடத்துல ஆழம் எவ்வளவுன்னு கேட்டா, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு இலக்கணம் சரின்னு சொல்ல முடியுமாம்மா? கப்பல் தரை தட்டிடாது?" என்று கேட்டார். அந்தப் பெண் பாவம், என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

உனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், உன் அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. உனக்கு சைக்கிள் பழக்கியது நான்தான், அவர் ஓரமாக நின்று பிரேக்கைப் பிடி பிரேக்கைப் பிடி என்று கத்தியதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும், அதனால் பெரிய வீரர் என்று நினைத்திருப்பாய். தெரியாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தெரியாது என்பது ஒத்தை வார்த்தை, அதற்கு மார்க் இல்லை, நீளமாகப் பேசினால் பொய், பொய் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து வாசலில் நின்று, "பழகிட்டா உண்மையாயிடும்ல?" என்றார். ஏங்க, இந்த வயசுல எலும்பு உடைஞ்சா கூடுமா என்று நான் கேட்டது காற்றில் போயிற்று. பின்கட்டில் கிடந்த உன் பள்ளிக்கூட சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். அந்த ரோஸ் கலர்தான், கூடையில் முயல் படம் ஒட்டியது. முயலைச் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை.

அந்தக் கண்காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். விடிந்ததும் கோயில் பின்னால் இருக்கிற பாதையில் நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட, அவர் கேப்டன் தொப்பியோடு மேலே. அவருக்கு உடம்பு முழுக்கப் படகுதான். திருப்பம் வருவதற்கு முன்னமே ஹேண்டிலை ஒடித்துவிடுகிறார், கப்பல் மெதுவாகத்தானே திரும்பும் என்ற நினைப்பு. பிரேக் பிடிக்காமல் தானாக வேகம் குறையும் என்று காத்திருக்கிறார். ஒரு நாள் ஓலைக்கட்டில் போய் முட்டிக்கொண்டு, "பின்னால போறதுக்கு எதை இழுக்கணும்?" என்று என்னிடமே கேட்டார். வாய்க்காலில் படகில் போகிற இவர் கூட்டாளிகள், "கேப்டன், அந்தக் கப்பல்ல டிக்கெட் எவ்வளவு?" என்று கத்துவார்கள். முயலுக்கும் ஒரு பேர் வைத்துவிட்டார்கள், அதை இங்கே எழுத முடியாது.

இதோடு இலக்கணமும் கூடவே ஓடியது. நம் ஊர்ப் பாஷையில் நேற்று போ, இன்று போ, நாளை போ என்று போ என்பது போவாகவே நிற்கும், இங்கிலீஷில் நேற்று என்றால் வார்த்தையே வேஷம் மாறிவிடுகிறதாம். ஓட்டு என்ற ஒன்றுக்கே ரைட், ரோட், ரிடன். "ஒரே சைக்கிளுக்கு எதுக்கும்மா மூணு வார்த்தை?" என்று டீச்சரோடு சண்டை. பெடல் மிதிக்க மிதிக்க ரைட், ரோட், ரிடன் என்று இவர் சொல்ல, பின்னால் ஓடி ஓடி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்தால் நேற்று நான் ஓட்டுகிறேன் என்றுதான் வரும். அப்புறம் ஒரு நாள் நான் கேரியரை விட்டுவிட்டேன். சொல்லாமல்தான் விட்டேன், சொன்னால் ஓட்ட மாட்டார். கொஞ்ச தூரம் நேராகப் போனார், அழகாகத்தான் போனார், நான் கூட வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தார், அப்படியே பாதையோரத்து வீட்டுத் தாம் அக்காவின் வாத்துக் குளத்துக்குள் இறங்கிவிட்டார். வாத்துகள் கூப்பாடு போட, மார்பளவு தண்ணீரில் தலையெல்லாம் பாசியோடு நின்றுகொண்டு, ஐ ஃபெல், ஐ ஃபெல் என்று கத்துகிறார். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த குயென் டீச்சர் ஓடி வந்தவள் கைதட்டினாள். "மாமா, இறந்தகாலம்! முதல்முறையா சரியா சொல்லிட்டீங்க!" என்றாள். தாம் அக்கா மட்டும், "என் வாத்துக்கு முட்டை நின்னுச்சுன்னா எந்தக் காலத்துல வந்து கேக்கறது?" என்றாள். நான் கை கொடுக்கப் போனேன், சிரிப்பு அடங்கின பிறகு.

தேர்வு நகரத்தில் ஒரு ஓட்டலில் நடந்தது. நானும் டீச்சரும் கதவுக்கு வெளியே நாற்காலியில். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரல், கதவு எம்மாத்திரம், எல்லாம் கேட்டது. டீச்சர் எனக்குக் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். உள்ளே வெள்ளைக்கார அம்மா, உங்களுக்கு சைக்கிள் ஓட்டப் பிடிக்குமா என்று கேட்டாள். உன் அப்பா, "நோ" என்றார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தனை நாள் பிடித்துக்கொண்டு ஓடின என் இடுப்பு அப்போதுதான் நிஜமாக வலித்தது. பிறகு, "பிகாஸ்" என்று ஆரம்பித்தார் பார், நிறுத்தவே இல்லை. ஏனென்றால் அதற்குப் பின்னால் போகத் தெரியாது. ஏனென்றால் நான் பல தடவை விழுந்தேன், ஒரு தடவை வாத்துகள் மேல் விழுந்தேன், வாத்துகள் சாகவில்லை, கோபப்பட்டன. என் மனைவி முதலில் சிரித்தாள், பிறகுதான் கை கொடுத்தாள். அந்த அம்மா சிரிக்கிற சத்தம் வெளியே வரைக்கும் வந்தது. அவள் சிரிப்போடேயே, சின்ன வயதில் ஓட்டவில்லையா என்று கேட்டாள். நான் ஒரு படகில் பிறந்தேன் என்றார். தண்ணீரில் விழாமல் இருக்க என் அம்மா காலில் கயிறு கட்டி வைத்திருந்தாள், கயிறு எட்டுகிற தூரம்தான் என் ஊர், அதில் எங்கே சைக்கிள் ஓட்டுவது என்றார். டீச்சருக்கு அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. உள்ளேயும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அந்தக் கயிற்றைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம், அதுவும் இங்கிலீஷில் சொல்கிறார் மனுஷன். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

தேறிவிட்டார், மயிரிழையில். சின்னச் சின்ன வார்த்தைகளையெல்லாம் தின்றுவிடுகிறார் என்று டீச்சருக்கு இன்னும் குறை. அடுத்த வாரத்திலிருந்து பெரிய கப்பல். தாம் அக்காவுக்கு இரண்டு பம்ப்ளிமாஸ் பழம் கொடுத்துச் சமாதானம் செய்தாயிற்று. நீ இரவு வேலை முடிந்து வந்து வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு தூங்காதே, ஒரு கை அரிசி போட்டுக் கஞ்சியாவது வை. வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நிறைவாக வாழ வேண்டும் என்று தினமும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறேன்.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. மாப்பிள்ளை போனில் வந்தால் உன் அப்பா சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவார் அல்லவா, கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் அப்படித் தலையாட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைக்கிற வாரம் ஞாயிற்றுக்கிழமை அவரே பேசப் போகிறார். என்னிடம் சொல்லவில்லை, கண்ணாடி முன்னால் நின்று ஹலோ டெக்லான் என்று சொல்லிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டேன். நீ மாப்பிள்ளையிடம் சொல்லி வை, முதலில் சைக்கிளைப் பற்றிக் கேட்கட்டும். வேறு எதுவும் இவர் இன்னும் படிக்கவில்லை.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா