சண்டை வராத கிணறு

இன்னைக்கு, ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மூணாம் நாள், நம்ம தோப்புல இடி விழுந்து ரெண்டு தென்னை கருகின வருசம். எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல போனே எழுதிக்கிடுது.

மருமக செல்வி, கூட்டுக் கிணத்துல தண்ணி முறை பிரிக்கிற ஆப் ஒண்ணு செய்யுதா. நாளைக்கு ராஜபாளையத்துல விவசாயிக கூட்டத்துல காட்டணும். சரியா ஓடலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும். சோதிச்சுப் பார்க்க, இல்லாத ஆளுகளையும் இல்லாத கிணறுகளையும் கம்ப்யூட்டரே உண்டாக்குற மாதிரி எழுதி வச்சிருந்தா.

"எல்லாம் பச்சை, மாமா. ஒரு மோதலும் இல்ல."

"என் ஆயுசுல சண்டை வராத கூட்டுக் கிணத்தப் பார்த்ததில்லத்தா. எத்தனை ஆளு, எத்தனை கிணறு?"

"ஆறு பங்கு, ஆறு ஆளு..." எண்ணிக்கிட்டே வந்தவ தலையில அடிச்சுக்கிட்டா. "ஆறு கிணறு! பங்கு ஒண்ணு போடுறப்பல்லாம் புது ஆளையும் புதுக் கிணத்தையும் சேர்த்துல்ல உண்டாக்கியிருக்கு!"

"ஆளுக்கொரு கிணறு இருந்தா எவன் சண்டை போடுவான்?"

பொறவு மூணு ஆளு, ரெண்டு கிணறுன்னு முதல்ல தனித்தனியா உண்டாக்கி, ஒவ்வொருத்தரையும் ரெண்டு கிணத்துலயும் பங்குல சேர்த்தா. உடனே சிவப்பு வந்துச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டு கிணத்துலயும் ஒரே நேரத்துல முறை. அவளுக்கு அம்புட்டு சந்தோசம். "நல்லவேளை, இன்னைக்கே மாட்டுச்சு!"

விளக்கு வைக்கிறதுக்குள்ள அதையும் சரி பண்ணிட்டா. "நெசத்துல அப்படி யாருக்காச்சும் வந்திருக்கா, மாமா? அவியளையும் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்"ன்னு கேட்டா.

வந்திருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு கிணத்துக்கும் தண்ணி திருப்ப மம்பட்டியோட ஓடினவிய நாலு பேரு. இப்ப உசுரோட இருக்கது சுந்தரபாண்டியம் சுப்பையா ஒருத்தன்தான்.