சுவரில் ஒட்டியிருந்த என் வாக்கியம்

செவ்வாய்க்கிழமை, இரவு

அவிநாசிப் பக்கத்து மில் விடுதியில், வேலை பார்க்கும் பெண்களுக்கு மாலையில் வரலாறு நடத்துகிறேன். போன வாரம் பிரெஞ்சுப் புரட்சி. "மக்கள் சம்மதிக்கும் வரைதான் மன்னன் மன்னன் என்று தத்துவவாதிகள் எழுதினார்கள். அதைப் படித்த ஜனங்கள் அரண்மனை வாசலுக்கே போய்விட்டார்கள்" என்றேன். ஐந்து மார்க் கேள்விக்காகச் சொன்னது.

லீவு நாளிலும் விடுதி கேட்டைத் திறப்பதில்லை என்று இன்று காலை ஷிப்டில் பெண்கள் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். சுவரில் ஒரு தாள்: "நாங்கள் சம்மதிக்கும் வரைதான் முதலாளி."

மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏனுங்க டீச்சர், இது யாரு கையெழுத்துங்க?"

என் வகுப்பில் படிக்கும் செல்வியுடையது. பார்த்ததுமே தெரிந்தது. "தெரியலைங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கு அவங்க பரீட்சைத் தாளையெல்லாம் கொண்டாந்துருங்க. ஒத்துப் பார்த்துக்கறோம்."

திரும்பும்போது செல்வி கேட்டருகே வந்து, "பயப்படாதீங்க டீச்சர், உங்க பேரைச் சொல்ல மாட்டோமுங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் தாளை மட்டும் எடுத்துவிட்டால் அவள்தான் என்று தெரிந்துவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் திருத்த வைத்திருந்த பரீட்சைத் தாள் கட்டு முழுவதையும் கொல்லையில் எரித்துவிட்டேன். நாளை வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். என்ன சொல்வேன்?

வாசலில் ஏதோ பைக் வந்து நிற்கிறது. மேனேஜர் அனுப்பிய ஆளோ? விளக்கை அணைக்கிறேன்.